பணம் இருந்தது, பாதை இல்லை

2023 பிப்ரவரி 6ஆம் தேதி அதிகாலை 4.17 மணிக்குத் துருக்கியின் தென்கிழக்கில், காசியான்டெப், கஹ்ரமன்மராஷ் நகரங்களை ஒட்டிய பகுதியில் 7.8 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அன்று பிற்பகல் 1.24 மணிக்கு 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53,000க்கும் அதிகமானோர் இறந்தனர். எல்லைக்குத் தெற்கே சிரியாவிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கே அரசுக்கு எதிரானவர்கள் வசமிருந்த வடமேற்கில் மட்டும் 4,500க்கும் அதிகமானோர் இறந்ததாக ஐ.நா. பின்னர் கணக்கிட்டது. துருக்கியில் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் பல நாட்டு மீட்புப் படைகள் மோப்ப நாய்களோடும் கருவிகளோடும் வந்திறங்கின. இந்தியாவிலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை போனது.

எல்லையைத் தாண்டி வடமேற்கு சிரியாவுக்குள் முதலில் வந்தவை பிணங்கள். போருக்குப் பயந்து துருக்கியில் தஞ்சம் புகுந்திருந்த சிரியர்கள் அங்கே நிலநடுக்கத்தில் இறந்துபோக, அவர்களைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்வதற்காகப் பாப் அல்-ஹவா எல்லை வாயில் வழியாக உடல்களைக் கொண்டுவந்தார்கள். உடல்கள் வர முடிந்த அந்த வாயில் வழியாக ஐ.நா.வின் முதல் உதவி லாரிகள் வந்தது பிப்ரவரி 9ஆம் தேதி. மொத்தம் ஆறு லாரிகள். அவற்றில் இருந்ததும் நிலநடுக்கத்துக்கு முன்பே அனுப்பத் திட்டமிட்டிருந்த சரக்குதான். இடிபாட்டுக்குள் கிடந்தவர்களை வெளியே எடுக்க உதவும் ஒரு கருவிகூட அவற்றில் இல்லை.

மோதல் நடக்கும் மண்ணில் நிலநடுக்கம் வந்தால் அவசர உதவி திரட்டுவது எப்படி என்ற கேள்வியை இந்த மூன்று நாட்களிலிருந்து தொடங்குவதுதான் சரி. உதவி திரட்டுவது என்றதும் நமக்கு உண்டியலும் வங்கிக் கணக்கு எண்ணும் நினைவுக்கு வருகின்றன. சிரியாவில் உலகம் கொடுக்க மறுக்கவில்லை. ஐ.நா.வின் மைய அவசர நிதியிலிருந்து மறுநாளே 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அந்த வாரத்திலேயே இன்னொரு 2.5 கோடி சேர்ந்தது. ஒதுக்கிய பணம் உரிய இடத்துக்கு, உரிய நேரத்துக்குள், உரிய கைகளுக்குப் போவதற்கு வழி இல்லாமல் இருந்தது. அந்த வழியை நிலநடுக்கம் அடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மனிதர்கள் ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

ஒரே ஒரு வாயில்

2011இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சிரிய அதிபர் அசாத்தின் அரசின் பிடியிலிருந்து நழுவிய இத்லிப் மாவட்டமும் வடக்கு அலெப்போவின் சில பகுதிகளும்தான் இங்கே வடமேற்கு சிரியா எனப்படுபவை. 2023 தொடக்கத்தில் அங்கே சுமார் 45 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் 41 லட்சம் பேர் நிலநடுக்கத்துக்கு முன்பே வெளியுதவியை நம்பியிருந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஹோம்ஸ், கூட்டா, தெற்கு அலெப்போ என்று வேறு இடங்களிலிருந்து விரட்டப்பட்டு, சிலர் பலமுறை இடம் மாறி, கடைசியில் துருக்கி எல்லைச் சுவரின் அடியில் வந்து சேர்ந்தவர்கள். குண்டுவீச்சில் ஏற்கெனவே விரிசல் விட்ட கட்டடங்களில் குடியிருந்தார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரிலிருந்து காலரா வேறு பரவிக்கொண்டிருந்தது.

இவர்களுக்கு உதவி போவதற்காக 2014இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2165ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. டமாஸ்கஸ் அரசின் அனுமதி இல்லாமலேயே நான்கு எல்லை வாயில்கள் வழியாக ஐ.நா. உதவி செல்லலாம் என்றது அது. 2020 ஜனவரியில் ரஷ்யாவின் எதிர்ப்பால் நான்கு இரண்டாகச் சுருங்கியது. அதே ஆண்டு ஜூலையில் இரண்டு ஒன்றாயிற்று. பாப் அல்-ஹவா மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று கெடு நீட்டிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தடுப்பதிகார மிரட்டல், ஒவ்வொரு முறையும் பேரம். கடைசி நீட்டிப்பு 2023 ஜனவரி 9. நிலநடுக்கம் அதற்குச் சரியாக நான்கு வாரம் கழித்து.

41 லட்சம் பேருக்கான ரொட்டி, மருந்து, கூடாரம் எல்லாவற்றையும் ஒரே சாலையில் கட்டிவைத்தால் அந்தச் சாலை உடைகிற நாளில் என்ன ஆகும் என்று யாரும் கேட்காமல் இல்லை. உதவி அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தன. பிப்ரவரி 6 அன்று அதுவே நடந்தது. வாயிலுக்குச் செல்லும் ஹடாய் மாகாணச் சாலைகள் பிளந்தன. எல்லை தாண்டிய உதவிப் பணிகளின் தலைமையிடமாக இருந்த காசியான்டெப் நகரமே பேரிடரின் நடுவில் இருந்தது. லாரியை அனுப்ப வேண்டிய அலுவலர்களும், சரக்கை ஏற்ற வேண்டிய தொழிலாளர்களும், அவற்றுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கணக்கர்களும் தங்கள் குடும்பத்தைத் தேடி இடிபாடுகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

வேறு இரண்டு வாயில்களான பாப் அல்-சலாமும் அல்-ராயியும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவற்றைத் திறந்துகொள்ள அசாத் சம்மதம் தெரிவித்தது பிப்ரவரி 13ஆம் தேதி, மூன்று மாதத்துக்கு மட்டும். அதற்கு முந்தைய நாள் எல்லைக்கு வந்திருந்த ஐ.நா. மனிதநேயப் பணிகளின் தலைவர் மார்ட்டின் கிரிஃபித்ஸ், வடமேற்கு சிரிய மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் இடிபாட்டுக்குள் சிக்கியவர்கள் உயிரோடு கிடைப்பது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்தான். ஏழாவது நாள் கிடைத்த அனுமதியால் கூடாரம் வந்தது, போர்வை வந்தது, உயிர் திரும்பவில்லை.

அந்த ஏழு நாளும் ஐ.நா. காத்திருந்திருக்க வேண்டுமா? இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு உண்மையான விவாதம் உண்டு. ஒரு நாட்டின் எல்லைக்குள் நுழைய அந்நாட்டு அரசின் சம்மதமோ பாதுகாப்பு அவையின் தீர்மானமோ தேவை என்பது ஐ.நா. செயலகத்தின் நிலைப்பாடு. பட்டினியிலும் இடிபாட்டிலும் கிடக்கும் மக்களுக்கு வரும் உதவியைக் காரணமின்றி மறுக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை, மறுத்தால் அந்த மறுப்புக்குச் சட்ட மதிப்பு இல்லை என்பது பன்னாட்டுச் சட்ட வல்லுநர்கள் பலரின் வாதம். நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். அசாத் அரசுக்கு அந்தப் பகுதியில் ஒரு சாலைச் சந்திப்பின் மீதுகூட அதிகாரம் இருக்கவில்லை. இல்லாத அதிகாரத்தைக் கையெழுத்தாக மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை மட்டும் ஐ.நா. அவருக்குக் கொடுத்தது. சிரியா பற்றிய ஐ.நா.வின் விசாரணை ஆணையம் ஒரு மாதம் கழித்து, ஐ.நா. உட்பட எல்லாத் தரப்பும் முதல் வாரத்தில் உயிர்காக்கும் உதவியைக் கொண்டுசேர்க்கத் தவறின என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது.

டீசலும் பொக்லைனும்

அந்த முதல் வாரத்தில் ஜிந்திரிஸ், ஹாரெம், சல்கீன், அதாரிப் போன்ற ஊர்களில் மக்களை வெளியே எடுத்தவர்கள் யார்? வெள்ளைத் தலைக்கவசத்தினர் என்று உலகம் அறிந்த சிரிய சிவில் பாதுகாப்புத் தொண்டர்கள், சுமார் 3,000 பேர். அவர்களோடு அக்கம்பக்கத்து மனிதர்கள், வெறுங்கையால். வான்தாக்குதலில் இடிந்த வீடுகளிலிருந்து ஆட்களை மீட்டுப் பழகியவர்கள் இந்தத் தொண்டர்கள். ஆனால் குண்டு விழுந்தால் ஒரு தெருவில் ஒரு கட்டடம் இடியும். இப்போது ஒரே நிமிடத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள். அவர்களிடம் ஆள் இருந்தது, பயிற்சி இருந்தது. கனரக இயந்திரமும் எரிபொருளும் போதவில்லை.

இடிந்த அடுக்குமாடியில் மீட்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பணத்தின் அவசரம் புரியும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விழுந்த கான்கிரீட் தளங்களை பொக்லைன் கொஞ்சம் தூக்கும். உடனே இயந்திரத்தை நிறுத்துவார்கள். சுற்றியிருக்கும் எல்லோரையும் வாய்மூடச் சொல்வார்கள். ஒருவர் இடுக்கில் தலையை விட்டு, ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கூப்பிட்டுக் காதைக் கூர்மையாக்கிக் காத்திருப்பார். சத்தம் கேட்டால் அதற்குமேல் இயந்திரம் கூடாது. உளியும் கம்பி வெட்டும் கருவியும் கையும்தான். கேட்காவிட்டால் மறுபடி பொக்லைன். இப்படி ஒரு கட்டடத்துக்கு மணிக்கணக்காகும். ஒவ்வொரு மணிக்கும் வாடகை, டீசல், வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர், பிப்ரவரிக் குளிரில் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு. பொக்லைன் பக்கத்து ஊரில் சும்மா நிற்கலாம். வாடகைக்குக் கையில் ரொக்கம் இல்லையென்றால் அது வராது. ஜிந்திரிஸில் இடிபாட்டுக்குள்ளேயே பிறந்து, இறந்துபோன தாயோடு தொப்புள்கொடி அறுபடாமல் கிடந்த பெண் குழந்தையை உயிரோடு எடுத்தது உலகச் செய்தியாயிற்று. அவளை எடுத்தவர்கள் உறவினர்களும் ஊராரும்.

தொண்டர் படையின் தலைவர் ராயித் அல்-சாலிஹ் அந்த நாட்களில் கொடுத்த ஒவ்வொரு பேட்டியிலும் கோபம் இருந்தது. ஐ.நா.விடமிருந்து மீட்புப் பணிக்கு எதுவும் வரவில்லை என்றார். அந்தப் படையினர் சுமார் 2,950 பேரை உயிரோடு மீட்டதாகக் கணக்குக் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவர்களைத் தேடும் பணியை அவர்கள் நிறுத்திய பிறகே உலகத்தின் பெரிய தொகைகள் நகரத் தொடங்கின. பிப்ரவரி 14 அன்று சிரியாவுக்காக 39.7 கோடி டாலர் கேட்டு ஐ.நா. அவசர வேண்டுகோள் விட்டது. மார்ச் 20இல் பிரசெல்ஸில் கொடையாளர் மாநாடு கூடியது. துருக்கிக்குக் கடனும் மானியமுமாக 605 கோடி யூரோவும், சிரியாவுக்கு மானியமாக 95 கோடி யூரோவும் வாக்களிக்கப்பட்டன. இந்தத் தொகைகள் வீண் என்று சொல்ல வரவில்லை. வீடிழந்தவர்களுக்கு அவை தேவை. ஆனால் முதல் மூன்று நாட்களில் தேவைப்பட்டது இதில் ஒரு சிறு துளி. அந்தத் துளி ஏற்கெனவே அங்கே, அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

ரொக்கம் வந்த வழி

அப்படியானால் வெளியில் வாழும் சிரியர்களின் பணம்? அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் போயிற்று. பெர்லினிலும் லண்டனிலும் வளைகுடா நகரங்களிலும் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஊருக்கு, தெரிந்த ஆளுக்கு அனுப்பினார்கள். மொல்ஹாம் தன்னார்வக் குழு போல, புலம்பெயர்ந்த இளைஞர்கள் தொடங்கி நடத்தும் அமைப்புகளுக்குச் சிறு சிறு தொகைகள் மலையாகக் குவிந்தன. ஆனால் முறையான வங்கி வழியில் ஒவ்வொரு படியிலும் தடங்கல். பணம் அனுப்பும் குறிப்பில் ‘சிரியா’ என்ற சொல் இருந்தாலே பரிமாற்றத்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும் கணினி முறை அப்போது பல நிறுவனங்களில் இருந்தது. தொகை மூன்று வாரம் தொங்கிய பிறகு திரும்பி வந்த அனுபவம் புலம்பெயர் சிரியர்களிடையே சர்வ சாதாரணம்.

எஞ்சிய வழி ஹவாலா. ஈழத்தமிழர்கள் இதை உண்டியல் என்பார்கள். நம் வாசகர்கள் பலருக்கு இதன் செயல்பாட்டை விளக்கத் தேவையில்லை. இஸ்தான்புல்லில் ஒரு கடையில் பணத்தைக் கட்டினால் சர்மதா கடைத்தெருவில் இருக்கும் முகவருக்கு ஒரு எண் போகும். பெறுபவர் அந்த எண்ணைச் சொல்லித் துருக்கி லிராவாகவோ டாலராகவோ எண்ணி வாங்கிக்கொள்வார். வங்கிகள் இல்லாத வடமேற்கு சிரியாவில் பன்னாட்டு அமைப்புகளே சம்பளத்தையும் உதவித்தொகையையும் இந்த வழியில்தான் கொடுத்துவந்தன. நிலநடுக்கத்தின் முதல் நாட்களில் இந்த முகவர்களிடமும் ரொக்கத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. துருக்கிப் பக்கத்தில் பல கடைகளே இடிந்து கிடந்தன.

தடைப் பட்டியல்களைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் இதில் இரு பக்கமும் பொய் அதிகம். மருந்துக்கும் உணவுக்கும் தடை இல்லை என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் சொன்னது எழுத்தளவில் உண்மை. எல்லாவற்றுக்கும் காரணம் தடைதான் என்று டமாஸ்கஸ் சொன்னது பெரிய பொய். இரண்டுக்கும் நடுவே வங்கி அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விதிவிலக்கு இருக்கிறதா என்று படித்துப் பார்த்து அனுமதித்தால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. தவறாக அனுமதித்தால் வங்கிக்குப் பெரும் அபராதம். அதனால் மறுத்துவிடுவார். இத்லிப்பின் பெரும்பகுதியை ஆண்ட ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம் அமைப்பு ஐ.நா.வின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்ததால் இந்த அச்சம் இரட்டிப்பாயிற்று. பிப்ரவரி 9 அன்று அமெரிக்க நிதித்துறை நிலநடுக்க நிவாரணப் பரிமாற்றங்களுக்கு 180 நாள் பொது உரிமம் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதேபோன்ற தளர்வைக் கொண்டுவர மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. நல்ல நடவடிக்கைகள்தான். ஆனால் ஆறு மாதத்தில் முடியும் உரிமத்தை நம்பி எந்த வங்கியும் தன் கணினி முறையை மாற்றாது.

அரசு வசமிருந்த அலெப்போ, லத்தாகியா, ஜப்லே நகரங்களிலும் மக்கள் இறந்தார்கள், வீடிழந்தார்கள். அங்கே வாழ்ந்ததற்காக அவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இந்தியா உட்படப் பல நாடுகள் டமாஸ்கஸுக்கு விமானத்தில் மருந்து அனுப்பின; அலெப்போ விமான நிலையம் நிவாரணத்தின் முக்கிய வாசலாக இருந்தபோது மார்ச் 7 அன்று இஸ்ரேல் அதைத் தாக்கிச் சில நாள் செயலிழக்க வைத்தது. ஆனால் டமாஸ்கஸ் வழியாகப் போன டாலருக்கு வேறொரு கதை உண்டு. அரசு நிர்ணயித்த செயற்கை மாற்று விகிதத்தில்தான் ஐ.நா. அமைப்புகள் டாலரை மாற்ற வேண்டியிருந்தது. 2020இல் இப்படி மாற்றிய ஒவ்வொரு உதவி டாலரிலும் ஏறத்தாழ பாதி, விகித வித்தியாசமாக அரசின் கைக்குப் போனது என்று ஒரு ஆய்வு 2021இல் கணக்குப் போட்டுக் காட்டியது. நன்கொடையாளரின் பணத்தில் பாதி, குண்டு வீசியவர் கஜானாவுக்கு.

உதவி போர்முனையைத் தாண்டிப் போவதை எந்தத் தரப்பும் விரும்பவில்லை. டமாஸ்கஸ் தன் பகுதியிலிருந்து அனுப்ப முன்வந்தபோது, அசாத் நல்லவர் வேடம் போட விடமாட்டோம் என்று இத்லிப் ஆட்சியாளர்கள் மறுத்தார்கள். வடகிழக்கின் குர்து நிர்வாகம் டீசல் லாரிகளை அனுப்பியபோது துருக்கி ஆதரவுக் குழுக்கள் தடுத்து நிறுத்தின. இத்தனை அடைப்புக்கும் நடுவே தேர் எஸ்ஸோர் பகுதி அரபுக் குலங்கள் ஊர் ஊராகத் திரட்டிய போர்வை, உணவு, துணிமணி வண்டிகள் அதே எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போயின. குலம் தன் குலத்துக்கு அனுப்பியதைத் தடுக்க எந்தத் துப்பாக்கிக் குழுவுக்கும் துணிவு வரவில்லை. போர் கிழித்த வரைபடத்துக்கு அடியில் பழைய உறவுகளின் வரைபடம் ஒன்று இருக்கிறது. உதவி திரட்டுபவர்கள் படிக்க வேண்டியது அதைத்தான்.

வேறு மண், அதே முடிச்சு

2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கத்தில் பாகிஸ்தான் பக்கம் 73,000க்கும் அதிகமானோரும் இந்தியப் பக்கம் 1,300க்கும் அதிகமானோரும் இறந்தார்கள். மலையில் பனி விழுவதற்குள் கூரை வேண்டும், கூடாரமும் தகரமும் வேண்டும் என்று கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் தர இந்தியா முன்வந்தது. இந்திய விமானிகள் இல்லாமல் தாருங்கள் என்றது பாகிஸ்தான். விமானிகள் இல்லாமல் தர முடியாது என்றது இந்தியா. பேச்சு அதோடு நின்றது. கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க ஒப்புக்கொண்டு முதலாவதைத் திறந்தது நவம்பர் 7, நிலநடுக்கம் வந்து சரியாக முப்பதாம் நாள். ஐ.நா. முதலில் 27.2 கோடி டாலர் கேட்டு, பிறகு 55 கோடியாக உயர்த்தியது. பணம் மெதுவாகத்தான் வந்தது. முந்தைய ஆண்டின் சுனாமிக்குக் கொடுத்த உலகம் களைத்துப்போயிருந்தது.

அந்தச் சுனாமியே ஒரு நிலநடுக்கத்தின் விளைவு. அது தாக்கிய இரண்டு இடங்கள் போர்க்களங்கள். ஆச்சேயில் வெளிநாட்டவர் நுழையத் தடை இருந்தது. இந்தோனேசிய அரசு சில நாட்களில் அதை விலக்கியது. 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் வடகிழக்கு நிவாரண நிதியைக் கூட்டாகக் கையாள அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதை எதிர்த்து, ஆளும் கூட்டணியில் இருந்த ஜே.வி.பி. கட்சி முன்பே அரசிலிருந்து விலகியிருந்தது; பிறகு வழக்குத் தொடுத்தது. ஜூலை 15இல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கட்டமைப்பு ஒரு நாள்கூட இயங்கவில்லை. பேரிடர் பகைவர்களை ஒன்றுசேர்க்கும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஆச்சேயையும் இலங்கையின் அம்பாறையையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பேரிடருக்கு முன்பே இரு தரப்பும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தனவோ அந்தத் திசையில் அது இன்னும் வேகமாகத் தள்ளிவிடுகிறது.

ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 2023 அக்டோபர் 7 அன்று தொடங்கி அடுத்தடுத்து 6.3 அளவில் நிலநடுக்கங்கள். அன்றுதான் காசா போரும் தொடங்கியதால் உலகச் செய்தியில் ஹெராத்துக்கு ஒரு நாள்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களும் குழந்தைகளும் என்று ஐ.நா. சொன்னது. ஆண்கள் வெளியே இருந்த நேரம் அது. பெண்கள் மண் சுவர்களுக்குள் இருந்தார்கள். உதவி நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று தாலிபான் முந்தைய டிசம்பரிலேயே தடை விதித்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பெண் ஊழியர்களை வைத்து வேலை செய்ய வழி கண்டுபிடித்த அமைப்புக்குக் கொடுத்தால்தான் பெண்களுக்குப் போய்ச்சேரும்.

மியான்மர் இன்னும் ஆறாத காயம். 2025 மார்ச் 28 அன்று சகாய்ங், மண்டலே பகுதியை 7.7 அளவு நிலநடுக்கம் தாக்கி 3,700க்கும் அதிகமானோர் இறந்தனர். சகாய்ங் இராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின் மையப் பகுதி. நடுங்கிய அன்றே இராணுவம் குண்டு வீசியது. எதிர்த்தரப்பு நிழல் அரசு இரண்டு வாரத்துக்குத் தாக்குதலை நிறுத்துவதாக அறிவித்தது. ஏப்ரல் 2இல் இராணுவமும் போர்நிறுத்தம் அறிவித்தது. நிலநடுக்கத்துக்குப் பிந்தைய இரண்டு வாரத்துக்குள் குறைந்தது 120 தாக்குதல்கள் நடந்தன, அவற்றில் பாதிக்கு மேல் போர்நிறுத்தத்துக்குப் பிறகு என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கெடுத்தது. நிவாரணம் கொண்டுசென்ற சீனச் செஞ்சிலுவை வண்டிகள் வந்தபோதுகூட இராணுவத்தினர் சுட்டார்கள். எதிர்ப்பாளர்களுக்கு நன்கொடை அனுப்பியதாகச் சந்தேகம் வந்தால் கைப்பேசிப் பணக்கணக்கை முடக்குவதும் ஆளைச் சிறைபிடிப்பதும் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே நடந்துவருகின்றன. அப்படிப்பட்ட ஊரில் இடிந்த வீட்டுக்காரருக்குப் பணம் அனுப்புவது அவரைச் சிக்கலில் மாட்டிவிடவும் கூடும். திரட்டியவரின் பொறுப்பு பணம் போய்ச்சேர்ந்ததோடு முடிவதில்லை. ‘இன்னாருக்குக் கொடுத்தோம்’ என்று படம் எடுத்துப் போடும் வழக்கத்தை இங்கே முற்றிலும் விட வேண்டும்.

அமெரிக்காவின் நிலையும் அப்போது மாறியிருந்தது. சர்வதேச வளர்ச்சி முகமையைக் கலைத்துக்கொண்டிருந்த அந்நாடு மியான்மருக்கு மூன்று பேரை அனுப்பியது. அந்த மூவருக்கும் அங்கே இருக்கும்போதே வேலைநீக்கக் கடிதம் போனது. அரசுகளின் பெரும்பணம் வற்றும் காலத்தில் தனிமனிதர்களின் சிறுதொகைக்கு முன்னைவிட வேலை அதிகம்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பொருளாகத் திரட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. 2004இல் நாகப்பட்டினம் சாலையோரங்களில் குவிந்து நனைந்து கிடந்த பழந்துணிகளைத் தமிழ்நாடு மறந்திருக்காது. மோதல் பகுதியில் அந்தத் துணிமூட்டை ஒரு லாரியின் இடத்தைப் பிடிக்கும். அந்த லாரிக்கு ஒரு அனுமதிச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு டயாலிசிஸ் கருவிக்குப் போயிருக்கலாம். இடிபாட்டில் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது வழக்கம் என்பதால் முதல் வாரத்தில் அந்தக் கருவி உயிர். சந்தை இயங்கும் இடத்தில் ரொக்கம் கொடுப்பதே எல்லாவற்றிலும் நல்லது. இத்லிப்பில் சந்தை இயங்கியது. கடைக்காரரிடம் அரிசி இருந்தது, வாங்குபவரிடம் பணம்தான் இல்லை.

பெரிய பெயருள்ள அமைப்புக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அது அங்கே யார் மூலம் வேலை செய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2016இல் பெரிய கொடையாளர்களும் அமைப்புகளும் கூடி, 2020க்குள் மனிதநேய நிதியில் கால் பங்கை முடிந்தவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று உறுதி எடுத்தார்கள். நேராகப் போகும் பங்கு அதற்கு அருகில்கூட வரவில்லை. காரணமாக அவர்கள் சொல்வது கணக்கு வழக்கு, தணிக்கை. தணிக்கை வேண்டும், சந்தேகமே இல்லை. இத்லிப்பிலும் நிவாரணம் கொடுப்பதில் பாரபட்சமும் கொள்ளையும் நடந்தன. ஆனால் தணிக்கையை அமைதியான நாட்களில் முடித்து, தகுதியான உள்ளூர்க் குழுக்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, நிலம் ஆடிய அன்றே அவர்கள் தாங்களாக எடுத்துச் செலவழிக்கக்கூடிய ஒரு தொகையை அவர்களிடமே விட்டுவைக்க முடியும். அதைச் செய்யாமல் பேரிடர் நாளன்று விண்ணப்பம் கேட்பது கொடுமை.

சிரியாவில் 2024 டிசம்பர் 8 அன்று அசாத் வீழ்ந்தார். 2025 மார்ச்சில் அமைந்த இடைக்கால அரசில் ராயித் அல்-சாலிஹ் அவசரநிலை, பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சரானார். ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாமைத் தன் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து அமெரிக்கா நீக்கியது 2025 ஜூலையில். கூடாரத்தில் மூன்று குளிர்காலம் கழித்தவர்களுக்கு வீடு கட்டும் பொறுப்பு இப்போது அந்த அரசின் தலையில். கேட்டுப் பெறும் இடத்தில் இருந்த ஒருவர் கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார். 2023இல் அவர் ஐ.நா.விடம் கேட்ட கேள்விகளை ஜிந்திரிஸ் மக்கள் இனி அவரிடம் கேட்பார்கள். அனத்தோலிய, அரேபிய நிலத்தட்டுகள் உரசிக்கொண்டேதான் இருக்கின்றன. அலெப்போ அந்த விளிம்புக்கு அருகில்தான் நிற்கிறது. அடுத்த நடுக்கத்துக்கு முன் அங்கே எத்தனை ஊர்களில் பொக்லைன் ஒப்பந்தமும் டீசல் இருப்பும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கப்போகிறார்கள் என்பதை இன்றே கேட்டு, அதற்கு இன்றே கொடுக்கலாம்.